ஒத்த தோற்றமுடைய இரு பட்ட விளையாட்டுகள்: எதிர் அறிவித்தல் அனுப்பலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்து, வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவைக் கருவாகக் கொண்டு கைபேசி விளையாட்டொன்றை உருவாக்கிக் கூகுள் பிளேயில் வெளியிட்டேன். முன்னர் என்னோடு சேர்ந்து வேலை செய்த நண்பர், அது தன்னுடைய பட்ட விளையாட்டின் நகல் என்று பதிப்புரிமை முறைப்பாடு செய்ததால் அதை நீக்கிவிட்டார்கள். எதிர் அறிவித்தல் அனுப்பலாமா?

பதில்: எதிர் அறிவித்தல் என்பது, நீக்கியது தவறு என்று கூகுளுக்கு நீங்கள் முறைப்படி அனுப்பும் மறுப்பு. அதை அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் கோபத்தோடு இன்றே அனுப்பிவிடாதீர்கள்.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிரலையும் ஓவியத்தையும் இசையையும் பதிவு எதுவுமின்றியே பாதுகாக்கிறது. அதே சட்டம், எண்ணம், செயல்முறை, முறைமை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்றும் சொல்கிறது. ஆகவே காற்றுக்கு ஏற்ப நூலை விடுவதும் இழுப்பதும், தைப்பொங்கல் நாளில் கடற்கரையில் போட்டி நடப்பதும், விண் என்னும் ஒலியெழுப்பும் நாண் பூட்டிய கொக்கு வடிவப் பட்டம் வானில் கூவுவதும் எவருக்கும் தனியுரிமை ஆகா. நண்பர் தம் கையால் வரைந்த அந்தக் குறிப்பிட்ட கொக்கும், அவர் எழுதிய நிரலும், அமைத்த இசையும் அவருடையவை.

சிக்கல் இவ்விரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1988 இல், இரு கராத்தே விளையாட்டுகளைப் பற்றிய டேட்டா ஈஸ்ட், எபிக்ஸ் நிறுவனங்களின் வழக்கில், ஒற்றுமைகள் கராத்தேயின் இயல்பிலிருந்தே எழுந்தவை என்று கூறி, பதிப்புரிமை மீறல் இல்லை என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012 இல், விழும் துண்டுகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டின் உரிமையாளர் தொடுத்த வழக்கிலோ, அதைப் போன்ற விளையாட்டை வெளியிட்ட எக்ஸ்ஐஓ நிறுவனம் விதிகளை மட்டுமே எடுத்ததாக வாதிட்டும் தோற்றது. துண்டுகளின் வடிவமும் 20க்கு 10 என்ற பலகையின் அளவும்கூட அப்படியே இருந்தன, வேறு விதமாக வரைய இடமிருந்தும் அவர்கள் வரையவில்லை. உங்கள் திரையையும் அவருடைய திரையையும் அருகருகே வைத்து, ஒவ்வோர் ஒற்றுமைக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: இது பட்டத்திலிருந்து வந்ததா, அவருடைய விளையாட்டிலிருந்து வந்ததா?

சேர்ந்து வேலை செய்த காலத்துக் கோப்புகளே என்னைக் கவலைப்பட வைக்கின்றன. அவர் வரைந்த ஒரு படமோ எழுதிய ஒரு நிரற்பகுதியோ அனுமதியின்றி உங்கள் விளையாட்டில் இருந்தால், மேலே சொன்ன வாதங்கள் அதைக் காப்பாற்றமாட்டா. அகற்றிப் புதிதாகச் செய்யுங்கள். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளில் திகதியோடு உள்ள வரலாறும் பழைய வரைவுகளும் உங்கள் சான்றுகள். அவற்றில் எதையும் அழிக்க வேண்டாம்.

எதிர் அறிவித்தல் வெறும் விளக்கக் கடிதம் அன்று. கூகுள் அமெரிக்க நிறுவனம் என்பதால் இதற்குப் பொருந்தும் 1998 ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, உள்ளடக்கம் தவறுதலாக நீக்கப்பட்டது என்று நீங்கள் நம்புவதாக, பொய்யுரைத்தால் தண்டனை என்ற நிபந்தனையோடு அதில் உறுதி கூறுகிறீர்கள். வெளிநாட்டில் வாழ்ந்தாலும் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தையும் ஏற்கிறீர்கள். அதன்பின் முறைப்பாட்டாளர் வழக்குத் தொடுக்காவிட்டால், 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் கூகுள் விளையாட்டை மீள வைக்க வேண்டும்.

ஆகவே முதலில் நண்பருக்கே எழுதுங்கள். எந்தப் படம், எந்த நிரல், எந்த இசை என்று குறிப்பாகக் கேளுங்கள். மாற்ற வேண்டியதை மாற்றினால் முறைப்பாட்டை மீளப் பெறுவதாக எழுத்தில் வாங்குங்கள். அவர் மறுத்து, உங்கள் கோப்புகளும் தூய்மையாக இருந்தால், சட்டத்தரணி ஒருவரிடம் வாசகத்தைக் காட்டிய பின் எதிர் அறிவித்தலை அனுப்பலாம்.