நட்டஈட்டுத் தவணை மூன்று மாதம் தவறினால்

கேள்வி: ஹட்டன் பக்கம் நன்னடத்தை அலுவலராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். என் பொறுப்பில் உள்ள தேயிலைத் தோட்டத்துத் தம்பி ஒருவர், கடை உடைத்த வழக்கில் மாதம் 5,000 ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும். மூன்று மாதமாகக் கட்டவில்லை. கட்டளையை மீறிவிட்டார் என்று அறிக்கை அனுப்பலாமா?

பதில்: அறிக்கை அனுப்பத்தான் வேண்டும். ஆனால் ‘மீறினார்’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். கட்ட மனமில்லையா, கட்ட வழியில்லையா என்று பார்த்து எழுதுங்கள். நீதவானுக்கு அதுதான் தெரிய வேண்டும்.

அவர் குடியிருக்கும் லயத்துக்கே (தோட்டத்து வரிசை வீட்டுக்கே) போய் மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் வாங்கிப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் 18 பேர் விழுந்தால் 24,300 (ஒரு முழுநாள் வேலையைத் தோட்டத்தில் ஒரு ‘பேர்’ என்பார்கள்). சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 1,944 போய்விடும். அப்புறம் தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா. சொன்ன அளவு வேலை முடியாத நாளுக்கு அரைப் பேர்தான். தை, மாசியில் கொழுந்து குறைந்தால் வேலை நாளும் குறையும். அரிசி, மாவு, கடைக் கடன் போக என்ன மிஞ்சுகிறது என்று வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், பக்கத்துக் காம்பராவுக்கு (அறைக்கு) கேட்காத குரலில்.

ஒழுங்காகக் கட்டுகிறவர்களையும் கவனியுங்கள். என் பொறுப்பில் இருந்த ஒரு பையன் மாதம் தவறாமல் பற்றுச்சீட்டு கொண்டுவந்தான். ஆறாம் மாதம் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மாவின் காதில் தோடு இல்லை, ஈர்க்குச்சி இருந்தது. தோடு அடகில், மீதிக்கு மீற்றர் வட்டி, நாளுக்கு நாள் ஏறுகிற கடும் வட்டி. முதல் மாதமே போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்று இன்றும் மனது உறுத்துகிறது.

சரி, கட்ட வழியில்லை என்று உறுதியானால், வழக்கு அடுத்து நீதிமன்றத்துக்கு வரும் நாள்வரை காத்திருக்காதீர்கள். நகர்த்தல் பத்திரம் போட்டு வழக்கை முன்னுக்கு எடுக்கச் சொல்லுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். சம்பளச் சீட்டுகளை இணைத்து, ‘மாதம் 1,500 கட்ட முடியும், காலத்தை நீடித்துத் தாருங்கள்’ என்று தொகையோடு கேளுங்கள். குறைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான். ‘இந்த மாதம் விடு தம்பி’ என்று நீங்கள் வாயால் சொன்னால், நாளைக்கு மாட்டுவது அவர்தான்.

தண்டப்பணமும், அதாவது அரசுக்குக் கட்டும் அபராதமும், இருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 291ஆம் பிரிவில் அவகாசத்துக்கும் தவணை முறைக்கும் இடமுண்டு. நம் சிறைகளுக்கு வரும் தண்டனைக் கைதிகளில் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள் என்பதை நினைத்தால், அந்தப் பிரிவைக் கேட்டு வாங்காமல் விடுவது பெரிய அநியாயம்.

நட்டஈடு அப்படியல்ல, அது கடைக்காரருடைய காசு. அவரும் கடனில் சாமான் எடுத்தவராக இருப்பார். ஏன் சுணங்குகிறது என்று அவருக்கும் சொல்லுங்கள். ஒரு ரூபாயும் உங்கள் கையால் வாங்காதீர்கள். முடிந்ததை, 500 ஆனாலும், தம்பியே இந்த மாதம் நீதிமன்றத்தில் கட்டட்டும். அந்தப் பற்றுச்சீட்டின் பிரதியையும் அறிக்கையோடு சேர்த்து அனுப்புங்கள்.