இரண்டு ஊர்களும் ஒரு விருப்பப் பட்டியலும்

கேள்வி: அமெரிக்காவில் மருத்துவப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். பொது மருத்துவ ரெசிடென்சிக்கான (படிப்பு முடிந்தபின் மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே பெறும் பயிற்சிக்கான) நேர்காணல்கள் முடிந்துவிட்டன. எனக்கு மிகவும் பிடித்த, பெயர்பெற்ற பல்கலைக்கழக மருத்துவமனை, நான் மணக்கவிருப்பவர் வேலை பார்க்கும் நகரத்திலிருந்து நான்கு மணி நேர விமானப் பயணத் தொலைவில் இருக்கிறது. அவருடைய ஊரிலேயே நடுத்தரமான மருத்துவமனை ஒன்றும் என்னை நேர்காணல் செய்தது. பின்னாளில் இதயநோய் மருத்துவராக வேண்டும் என்பது என் ஆசை. அவரைக் கேட்டால் ‘உன் விருப்பம்’ என்கிறார். மருத்துவமனைகளை விருப்ப வரிசையில் எழுதித் தரவேண்டிய பட்டியலில் எதை முதலில் எழுதுவது? முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவதும் கைநழுவிவிடுமோ?

பதில்: கடைசியாகக் கேட்ட அச்சத்தை முதலில் தீர்த்துவிடலாம், கைநழுவாது. விண்ணப்பதாரர்கள், மருத்துவமனைகள் ஆகிய இருதரப்பின் விருப்பப் பட்டியல்களையும் பொருத்தி இடம் ஒதுக்கும் ‘மேட்ச்’ முறை, விண்ணப்பதாரரின் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வருகிறது. முதலிடத்தை முயன்று பார்த்ததற்காக இரண்டாமிடத்தில் உங்கள் வாய்ப்பு குறைவதில்லை. பொருளியல் அறிஞர் ஆல்வின் ரோத்தும் அவருடன் எலியட் பெரான்சனும் திருத்தியமைத்து 1998 முதல் நடைமுறையில் இருக்கும் கணக்கீடு இதுதான். ஆகவே தந்திரம் தேவையில்லை. உண்மையான விருப்ப வரிசையை எழுதினால் போதும். இணையர் இருவரும் விண்ணப்பதாரர்களாக இருந்தால் பட்டியல்களை இணைத்துக்கொள்ளும் வசதி 1984 முதல் உண்டு என்றாலும், உங்கள் வருங்காலக் கணவர் விண்ணப்பதாரர் அல்லர் என்பதால் அது உங்களுக்கு உதவாது.

உண்மையான விருப்பம் எது என்பதுதான் கடினமான பகுதி. மருத்துவமனையின் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, அண்மை ஆண்டுகளில் அங்கே பயின்றவர்களில் எத்தனை பேருக்கு இதயநோய் ஃபெல்லோஷிப் (ரெசிடென்சிக்குப் பிந்தைய உயர்சிறப்புப் பயிற்சி) கிடைத்தது, எங்கே கிடைத்தது என்று இரு இடங்களிலும் கேளுங்கள். நடுத்தரமான மருத்துவமனையிலிருந்தும் ஆண்டுதோறும் சிலர் போகிறார்கள் என்றால் உங்கள் தராசு அப்போதே சாய்ந்துவிடும். ஒருவரும் போகவில்லை என்றால் அதுவும் தெளிவான பதில்தான்.

அடுத்து, பணி அட்டவணையை வாங்கிப் பாருங்கள். நான்கு வார சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு எல்லா இடங்களுக்கும் பொது. அந்த நேரம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. பல பொது மருத்துவத் திட்டங்களில் நான்கு வாரம் வார்டு, ஐந்தாவது வாரம் புறநோயாளர் பிரிவு என்று சுழற்சி உண்டு. அந்த ஐந்தாவது வாரத்தில் பெரும்பாலும் இரவுப் பணி இராது, வார இறுதியும் கைக்கு வரும். தொலைவில் இருப்பவருக்கு விமானச் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்ய முடிகிறதா இல்லையா என்பது சிறிய விஷயமன்று. அதே ஊரில் இருந்தாலும், தொடர்ந்து 24 மணி நேரப் பணி முடிந்து வீடு வருபவர் பேசுவதற்கு முன்பே தூங்கிவிடுவார் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

‘உன் விருப்பம்’ என்ற பதிலை நான் பெருந்தன்மையாக மட்டும் எடுத்துக்கொள்ளமாட்டேன். முடிவின் பாரம் முழுவதையும் அது உங்கள் தலையில் இறக்கிவைக்கிறது. பொது மருத்துவம் 3 ஆண்டுகள். இதயநோய் ஃபெல்லோஷிப் அதற்குப் பின் இன்னொரு 3 ஆண்டுகள், அதற்கும் தனியாக ஒரு மேட்ச் உண்டு, ஊர் மீண்டும் மாறலாம். இந்த ஆறு ஆண்டுக் கணக்கு அவருக்குத் தெரியுமா? அவருடைய வேலையை வேறு நகரத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று நீங்கள் கேட்டதாகவே கடிதத்தில் இல்லை. இந்த முறை யார் இடம்பெயர்வது, அடுத்த முறை யார் என்பதைப் பட்டியலுக்கான கெடு முடிவதற்குள் இருவரும் வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.

மேட்ச் முடிவு உங்களையும் மருத்துவமனையையும் கட்டுப்படுத்தும். முடிவு வந்த பிறகு மனம் மாறினால் விலக்குப் பெறுவது எளிதன்று. இடையில் வேறு மருத்துவமனைக்கு மாறுவதும் அங்கே காலியிடம் இருப்பதைப் பொறுத்தது. எனவே, அங்கே போவதைவிட ஓராண்டு இடமின்றி இருப்பதே மேல் என்று உங்களுக்குத் தோன்றும் மருத்துவமனையை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். மற்றவை கீழ்வரிசையில் இருந்துவிட்டுப் போகட்டும்.