நாள்பட்ட இடுப்பு வலிக்கு பிசியோதெரபி உண்மையிலேயே உதவுமா?

இரண்டு வருடமாக இடுப்பு வலி, ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்புகிறார்கள், அதில் பலன் உண்டா, இல்லை நேரம்தான் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலன் உண்டு. ஆனால் போன வேகத்தில் வலியை எடுத்துவிடுவார்கள் என்று நம்பிப் போனால் ரெண்டாவது வாரமே சலித்துவிடும். நானும் பல வருடமாக இதே வலியோடு குடித்தனம் நடத்துகிறவன்தான். வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் வலியால் நின்றுபோயிருந்த வேலைகள் ஏறக்குறைய எல்லாமே திரும்பி வந்துவிட்டன.

மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். முதலில் பட்ட அடியோ சுளுக்கோ பெரும்பாலும் அதற்குள் ஆறியிருக்கும், ஆனாலும் நரம்புகளும் மூளையும் உஷாராகவே இருந்து பழகிவிடுவதால் சாதாரணமாகக் குனிவதுகூட வலிக்கும். வலி பொய் இல்லை, நிஜம்தான், ஆனால் வலிக்கிறபோதெல்லாம் உள்ளே ஏதோ கிழிகிறது என்று அர்த்தமில்லை. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'டிஸ்க் தேய்மானம்' (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டு தேய்வது) என்று பார்த்து பலர் பாதி உயிர் போனவர்களாகிவிடுகிறார்கள். இடுப்பு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் அந்தத் தேய்மானம் இருந்தது. நரை விழுவது மாதிரி, பெரும்பாலும் வயசோடு வருகிற விஷயம் அது.

எனக்கு வாய்த்த பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் எந்த மெஷினையும் தொடவில்லை. நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார், தரையில் இருந்த ஒரு பையை எடுக்கச் சொன்னார், பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "குனியும்போதெல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிறீங்க, கவனிச்சீங்களா?" என்றார். நான் கவனித்ததே இல்லை. வலிக்கப் போகிறது என்று உடம்பு முன்கூட்டியே விறைத்துக்கொள்கிறது, விறைப்பதாலேயே இன்னும் வலிக்கிறது. முதல் வாரம் முழுக்க வேலை இதுதான்: மூச்சை விட்டுக்கொண்டே குனிவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குவது, கொஞ்சம் நடை. இதுக்குப் போய் இவ்வளவு தூரம் வரணுமா என்றுகூடத் தோன்றியது.

உண்மையில் அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது பயிற்சியைவிட அளவு. வலி குறைந்த நாளில் தேங்கிய வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடிப்பது, அடுத்த ரெண்டு நாள் படுத்துக் கிடப்பது, இந்தச் சுழலில் மாட்டாத வலிக்காரரை நான் பார்த்ததில்லை. 20 நிமிடம் நின்றால் வலி ஏறுகிறது என்றால் 15 நிமிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், வலிக்காவிட்டாலும் சரி. நிறுத்துவதைக் கடிகாரம் முடிவு செய்யட்டும், வலி முடிவு செய்ய வேண்டாம். அப்புறம் வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடமாக ஏற்றுங்கள். பயிற்சி செய்யும்போது லேசாக வலி கூடி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வரவில்லை என்றால் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள்.

மெஷின் விஷயம். கரண்ட் வைப்பது, அல்ட்ராசவுண்ட், இடுப்பை இழுத்துவைக்கும் டிராக்‌ஷன், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உடற்பயிற்சியும், வலியைப் பற்றிய புரிதலும்தான் அதில் பரிந்துரைக்கப்பட்டவற்றில் முக்கியமானவை. அதனால் ஒவ்வொரு தடவையும் படுக்க வைத்து மெஷினை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார், வீட்டில் செய்ய எதுவும் சொல்லித் தருவதில்லை என்றால் தயங்காமல் வேறு ஆளைப் பாருங்கள்.

மலம், சிறுநீர் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது, இதில் எது வந்தாலும் பிசியோவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ கூட வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இதெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் தூக்கம் கெட்ட வாரத்தில், வேலை நெருக்குகிற நாட்களில் வலி திடீரென்று ஏறத்தான் செய்யும். அந்த நாளுக்கென்று தெரபிஸ்டிடம் முன்கூட்டியே ஒரு சின்னத் திட்டம் எழுதி வாங்கி வையுங்கள்: எந்தப் பயிற்சியை எவ்வளவு குறைப்பது, எப்போது பழைய அளவுக்குத் திரும்புவது, எப்போது போன் போடுவது. என் தாளில் முதல் வரி, படுத்தே கிடக்காமல் மணிக்கொரு தடவை எழுந்து அறைக்குள் நடப்பது.