மூச்சும் முக்காலியும்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் அதிகாரியாக இருக்கிறேன். கடன், டெபாசிட் வேலையைவிட இன்சூரன்ஸ் விற்கிற வேலைதான் இப்போது அதிகம். தினமும் இரவு எட்டு மணிக்கு, எவ்வளவு விற்றோம் என்று கேட்கும் ரிவ்யூ போன்கால். பின்தங்கிய கிளைகளின் பெயரைச் சிவப்பில் போட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவார்கள். போன மாதம் மண்டல அலுவலகத்தில் எங்களுக்கு மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு நடத்தினார்கள். அதிலிருந்து காலையில் இருபது நிமிடம் மூச்சைக் கவனித்து உட்காருகிறேன். கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதியிலேயே டார்கெட் ஞாபகம் வந்துவிடுகிறது. மூச்சை மூக்கில் கவனிப்பதா, வயிற்றிலா? பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனால் மனம் நிற்குமா? இதெல்லாம் நம் முன்னோர் சொன்னதுதான், வெள்ளைக்காரன் பெயர் மாற்றி நமக்கே விற்கிறான் என்கிறார் என் மாமனார். வகுப்பை இரண்டாம் சனிக்கிழமை, விடுமுறை நாளில் வைத்ததை மட்டும் என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தில் விஷயம் புரிந்த ஆள் அவர்தான்.

மூக்கா, வயிறா? நீங்கள் கேட்கிற பத்து நாள் முகாம்களைப் பரப்பிய கோயங்கா வழியில் போனால் மூக்கு, பர்மாவின் பௌத்தத் துறவி மஹாசி சயாதோ வழியில் போனால் வயிறு. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மனம் டார்கெட்டுக்கு ஓடினால் பயிற்சி கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. ஓடியதைக் கவனித்துத் திரும்பி வருவதுதான் பயிற்சியே. லீவு கிடைத்தால் முகாமுக்கும் போய் வாருங்கள். மாமனாரின் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.

இந்த மைண்ட்ஃபுல்னஸ் எங்கிருந்து கிளம்பியது என்று சில நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். ஜான் கபாட்-ஜின், மூலக்கூறு உயிரியல் படித்தவர், 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்தில் பத்து வார வகுப்பாக இதைத் தொடங்கினார், பின்னால் அது எட்டு வாரமானது. யாருக்கு? தீராத முதுகுவலிக்காரர்கள், கழுத்துவலிக்காரர்கள், தலைவலிக்காரர்கள். மருந்து மாத்திரையெல்லாம் பார்த்தும் சரியாகாமல் வந்தவர்கள். 1982இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இருந்த 51 பேரும் அப்படிப்பட்டவர்கள்தான். வலி போகாது, அதோடு எப்படி இருப்பது என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள். ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று சாப்பிடச் சொல்வார்கள் அங்கே. கேலி செய்யாதீர்கள், நல்ல பயிற்சி அது.

பலனும் இருக்கிறது. 2022இல் வெளியான ஒரு ஆய்வில், அமெரிக்காவில் பதற்ற நோய் உள்ள 276 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த எட்டு வார வகுப்பு, மறுபாதிக்கு எஸ்கிடாலோபிராம் மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். வகுப்பு மாத்திரைக்குக் குறைவாக இல்லை. ஆகவே நீங்கள் காலையில் உட்காருவதை விடச் சொல்லவில்லை.

ஆனால் உங்களுக்கு இருப்பது தீராத முதுகுவலியா? உங்கள் வலிக்கு எட்டு மணி என்று நேரம் இருக்கிறது. அதை அனுப்புகிறவருக்குப் பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது. போக்க முடியாத வலிக்கு உண்டாக்கிய வைத்தியத்தை, ஒருவர் நினைத்தால் நாளையே நிறுத்தக்கூடிய வலிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் யார் கொடுக்கிறார்கள் பாருங்கள், வலியைக் கொடுக்கிற அதே அலுவலகம்!

எண்பதுகளின் கடைசியில் நான் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றேன். வேலை பார்த்தேன் என்று சொல்வதைவிட நின்றேன் என்பதுதான் சரி. காலையில் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, அப்புறம் சூப்பர்வைசர் ஐந்து நிமிடம் பேசுவார். பொறுமை, சிரித்த முகம், மனசை லேசாக வைத்துக்கொள்வது. பேசி முடித்ததும் அவர் போய் நாற்காலியில் உட்காருவார். எங்களுக்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. “கடையில ஆளு உக்காந்தா யாவாரம் படுத்துக்கும்” என்பது முதலாளி வாக்கு.

பட்டுச்சேலைப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். அலமாரியின் கீழ்த்தட்டு விளிம்பில் ஒரு பாதத்தை வைத்து, சற்று நேரம் கழித்து மற்றதை மாற்றி வைப்பது எப்படி என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். சேலைக்குள்ளே முழங்கால்வரை கிரேப் பேண்டேஜ் சுற்றியிருப்பார். பின்னங்காலில் நரம்பு நீலமாக முடிச்சிட்டிருந்தது. பாத்ரூம் போகக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டுமே என்று தண்ணீர் குடிக்கமாட்டார். அவ்வளவு கவனமுள்ள இன்னொருவரை நான் பார்த்ததில்லை, ஐயா. வருகிறவர்கள் எந்தச் சேலையைத் தொட்ட விரலை எடுக்கத் தயங்குகிறார்கள் என்று பார்த்தே அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். ஒரு நிமிடமும் மனம் வேறெங்கும் போகாது. அந்தக் கால் மட்டும் வீங்கிக்கொண்டே போனது.

தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. கடையில் நிற்பவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று அதில் ஒரு பிரிவைச் சேர்க்க 2021 ஆகிவிட்டது. கேரளத்தில் 2018இலேயே வந்துவிட்டது, கொஞ்சம் முன்னால். அதுவும் சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, ‘பெண்கூட்டு’ என்று பெண்களைச் சேர்த்து முதலில் கழிப்பறை கேட்டார், பிறகு உட்கார இடம் கேட்டார். கால் கடுக்கிறது என்ற பெண்களிடம் அவர் பேசியது உரிமையை. மூச்சைக் கவனிக்கச் சொல்லியிருந்தால் இன்றைக்கும் நின்றுகொண்டே கவனித்திருப்பார்கள்.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஒரு பக்கக் கடிதத்தில் உங்களோடு வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லையே! சிவப்பில் வருவது உங்கள் கிளையின் பெயர் மட்டும்தானா? பக்கத்து மேஜைக்காரர் இரவு எட்டு மணிக்கு என்ன செய்கிறார்? பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே போனை மியூட்டில் வைத்திருக்கிறாரா? கேட்டிருக்கிறீர்களா? படித்து, பரீட்சை எழுதி, அதிகாரி ஆனவர் நீங்கள். அந்த அக்காவுக்கு வாய்க்காதது எல்லாம் உங்களிடம் இருக்கிறது. உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சங்கத்துக்குச் சந்தா பிடிக்கிறார்கள் இல்லையா? அதன் செயலாளர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? விசாரித்துக்கொண்டு, கூட இன்னும் நாலு பேர் கையெழுத்தோடு, அந்த ரிவ்யூ போன்காலை அலுவலக நேரத்துக்கு மாற்றச் சொல்லி அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு எழுதியதைவிடச் சின்னதாக இருக்கட்டும்.

அன்புடன்.