மைக் முன்னால் போடவா, மெத்தையில் சாய்ந்து கேட்கவா? – ஒயர் ஹெட்ஃபோன் பற்றி வாசகர் கேள்விகள்

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். மைக் பற்றிக் கேட்பார்கள் என்று பார்த்தால், வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹெட்ஃபோன் பற்றித்தான்.

என் மகள் பாட்டு கற்றுக்கொள்கிறாள். வீட்டில் கண்டென்சர் மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியும் வாங்கி, கரோக்கியை ஹெட்ஃபோனில் ஓடவிட்டுப் பாடிப் பதிவு செய்கிறாள். குரலுக்குப் பின்னால் 'டிக் டிக்' என்று ஏதோ கேட்கிறது. "ஓப்பன் பேக் ஹெட்ஃபோன்தான் உசத்தி, அதை வாங்குங்கள்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். வாங்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

வாங்காதீர்கள் அம்மா. அந்த டிக் டிக், கரோக்கியில் உள்ள தாளம். ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறுகிறது. ஓப்பன் பேக் என்றால் காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலை மாதிரி திறந்திருக்கும். காதுக்குள் போகிற பாட்டு வெளியிலும் தாராளமாகப் போகும். கேட்பதற்கு அது சுகம். ஆனால் மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கை ஓர் அடி தள்ளி வைத்துக்கொண்டு அதைப் போடக்கூடாது.

பாடிக்கொண்டிருக்கும்போது கசிவு தெரியாது. பல்லவி முடிந்து, சரணம் எடுப்பதற்கு முன் மூச்சு வாங்கும் இடத்தில் தெரியும். பிறகு குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்த கம்ப்ரஸர் போட்டால் சின்னச் சத்தமெல்லாம் மேலே எழும்பி வரும், கசிவும் சேர்ந்தே வரும். எக்கோ போட்டால் கசிவுக்கும் எக்கோ. சுருதி விலகிய ஒரு ஸ்வரத்தை மென்பொருளில் நகர்த்தினால், கசிந்த கீபோர்டும் அதோடு நகர்ந்து அசல் கீபோர்டோடு மோதும். "கரோக்கி வேண்டாம், வேறு இசை சேர்த்துக்கொள்ளலாம்" என்று பின்னால் தோன்றினாலும் முடியாது. பழைய தாளம் குரலோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் முழுக்க மூடிய, காதைச் சுற்றி உட்காருகிற குளோஸ்டு பேக்தான் உங்களுக்கு. என் கை முதலில் போவது சோனி எம்டிஆர் 7506-க்கு. 1991-ல் வந்த மாடல், இன்றும் விற்பனையில் இருக்கிறது. மேல் ஸ்தாயி கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும். உதடு பிரியும் 'ப்ச்', 'ஸ'வின் சீறல், நாற்காலி முனகுவது எல்லாம் உடனே காட்டிக்கொடுக்கும். டப்பிங் தியேட்டரில் இதற்காகவே இதை விடாமல் வைத்திருந்தேன். ராத்திரி சாய்ந்து கேட்கப் போட்டால் அந்தக் கூர்மையே அலுப்புத் தட்டும். ஒயர் சுருள் ஒயர், கழற்ற முடியாது. சுருளின் கனம் ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால் துப்பட்டாவில் ஒரு கிளிப் போட்டு மாட்டிவிடுங்கள்.

ஒயர் கழற்றுகிற மாதிரி வேண்டுமென்றால் ஆடியோ டெக்னிகா எம்40எக்ஸ். எல்லாரும் அதன் அண்ணன் எம்50எக்ஸைத்தான் சொல்வார்கள். அதில் அடி ஒலி தூக்கலாக இருக்கும். பாடுகிறவளுக்கு எம்40எக்ஸ் நேர்மையாகப் பேசும், விலையும் குறைவு. சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ வெளிச் சத்தத்தை 32 டெசிபல் வரை தடுக்கும் என்கிறது கம்பெனி. நன்றாகவே அடைக்கிறது, தலையையும் நன்றாகவே நசுக்குகிறது. கண்ணாடி போடுகிற பெண் என்றால் வேண்டாம்.

வாங்கிய பின் ஒரு சோதனை. மகள் ஹெட்ஃபோனை மாட்டி, வழக்கமான வால்யூமில் கரோக்கியை ஓடவிட்டு, வாயே திறக்காமல் ஒரு நிமிடம் மைக் முன்னால் நிற்கட்டும். அந்த மௌனத்தைப் பதிவு செய்து, சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். தாளம் தெளிவாகக் கேட்டால் வால்யூமைக் குறைக்க வேண்டும். அல்லது காதோரம் முடி சிக்கி பேட் சரியாக உட்காரவில்லை. கம்மலும் ஜிமிக்கியும்கூட இடைவெளி விடும்.

இன்னொன்று. இரண்டு காதையும் இறுக்கி மூடினால் தன் குரல் குடத்துக்குள் பாடுகிற மாதிரி கேட்கும், சுருதி தடுமாறும். பாடகர்கள் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு பாடுவதற்கு இதுதான் காரணம். செய்யலாம், ஆனால் திறந்த பக்கத்துக் கிண்ணம் காற்றில் தொங்கக் கூடாது. காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் அழுந்தியிருக்க வேண்டும். முடிந்தால் அந்தப் பக்கத்து ஒலியை மென்பொருளில் அணைத்துவிடுங்கள். ஐந்து கட்டை என்றால் அந்தச் சுருதியில் தம்பூராவை மெல்லியதாக ஹெட்ஃபோனில் மட்டும் கலந்து கொடுங்கள். கரோக்கியைச் சத்தமாக வைப்பதைவிட அது நன்றாகப் பிடித்து நிறுத்தும்.

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 250 ஓம் வாங்கினேன். ஓம் அதிகம் என்றால் தரம் அதிகம் என்றார்கள். போனில் ஹெட்ஃபோன் ஒயரைச் சொருகும் சின்ன டாங்கிள் போட்டு மாட்டினால் முழு வால்யூமிலும் சத்தம் வரவில்லை. பழுதா?
– கல்லூரி மாணவர், கோவை

பழுதில்லை தம்பி. அதே டிடி 770 ப்ரோ 32, 80, 250 என்று மூன்று ஓமில் வருகிறது. ஓம் என்பது ஹெட்ஃபோனின் மின்தடை அளவு, தரத்துக்கான மதிப்பெண் கிடையாது. எதில் மாட்டப் போகிறாய் என்பதற்கான குறிப்பு.

கணக்கு எளிது. ஒரு மில்லிவாட் கொடுக்க 250 ஓமுக்கு அரை வோல்ட் வேண்டும், 32 ஓமுக்கு 0.18 வோல்ட் போதும். போனும் டாங்கிளும் கொடுக்கக்கூடிய வோல்ட் குறைவு. இந்தக் காலத்து சினிமாப் பாட்டு ஏற்கெனவே உச்சத்துக்கு ஏற்றிப் பதிந்தது, ஓரளவு சமாளித்துவிடும். ஒரு பழைய வீணைக் கச்சேரியைப் போட்டால் ஒன்றும் கேட்காது.

திருப்பிக் கொடுக்க முடிந்தால் 80 ஓமுக்கு மாற்றிக்கொள். முடியாவிட்டால் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸில் மாட்டு. பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் எப்படியும் அது வாங்க வேண்டியதுதான். ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த மாடலில் 'ஸ', 'ச' கொஞ்சம் குத்தும். அது உன் போனின் குற்றமல்ல.

5 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை என்று பெட்டியில் போட்டிருந்தால் நல்லதா?
– திருப்பூர்

மனிதக் காதின் எல்லை 20 முதல் 20,000, வயதாக ஆக மேல் எல்லை இன்னும் இறங்கும். மீதி வௌவாலுக்கு.

நல்ல ப்ளூடூத் ஹெட்ஃபோன் கையில் இருக்கிறது. அதை வைத்தே டிராக் பாடினால் என்ன? ஒயர் எதற்கு?
– திருநெல்வேலி

கேட்பதற்குத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பாடுவதற்கு ஆகாது. ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வந்து சேர பொதுவாக 100 மில்லிநொடிக்கு மேல் பிடிக்கும், பலவற்றில் 200-ஐத் தொடும். 120 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில், ஒரு தட்டு 500 மில்லிநொடி. அதற்குள் 'தகதிமி' சொன்னால் ஓர் எழுத்துக்கு 125. ஆக, உங்கள் காதுக்கு வரும் தாளம் ஓர் எழுத்தோ ஒன்றரை எழுத்தோ பிந்தி வருகிறது. அதோடு சேர்ந்து பாடினால் குரலும் பிந்திப் பதிவாகும். ஒயரில் அந்தத் தாமதம் இல்லை. மிச்சம் இருப்பது கணினியின் தாமதம் மட்டும்தான். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் போட்டால் உங்கள் குரல் கணினிக்குப் போகாமலே காதுக்கு வந்துவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியன். பதிவு எதுவும் இல்லை. இரவில் பழைய பாடல்கள் கேட்க மட்டும் ஒரு நல்ல ஹெட்ஃபோன் சொல்லுங்கள்.
– யாழ்ப்பாணம்

ஐயா, கும்பகோணத்துக்கு வேண்டாம் என்றதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஓப்பன் பேக். காது புழுங்காது, பாட்டு தலைக்குள் அடைபடாமல் சற்று விலகி நின்று ஒலிக்கும். சென்ஹைசர் எச்டி 600, 1997-ல் வந்தது. பேட், ஒயர் என்று எது போனாலும் தனித்தனியாக மாற்றலாம். வயலினும் மனிதக் குரலும் அதில் ஒலிப்பது போல அந்த விலையில் வேறெதிலும் நான் கேட்டதில்லை. ஆனால் 300 ஓம், ஒரு சிறு ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருக்கும். செலவு அதிகமென்றால் ஏகேஜி கே240, பாதி திறந்த வகை, 55 ஓம்தான்.

பழைய பாடல்கள் பெரும்பாலும் மோனோ, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலி. எந்த ஹெட்ஃபோனிலும் குரல் நடு நெற்றியில்தான் நிற்கும், ஹெட்ஃபோனைக் குறை சொல்லாதீர்கள். சிலவற்றைப் பின்னாளில் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியிருப்பார்கள். பாட்டு இருமல் மருந்து குடித்தது போல மந்தமாக இருந்தால் அதுதான். மோனோப் பதிப்பைத் தேடிக் கேளுங்கள். பக்கத்தில் படுப்பவருக்கும் பாட்டு கேட்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஹெட்ஃபோனின் காது உறை உரிந்து கறுப்புத் துகளாகக் கொட்டுகிறது. புதிது வாங்குவதா?
– சென்னை

உறையை மட்டும் மாற்றுங்கள். செயற்கைத் தோல் நம் ஊர் வியர்வையில் உரிந்தே தீரும். ஒருமுறை ஒரு பாடகி பதிவு முடிந்து அறையிலிருந்து வெளியே வந்தபோது இரண்டு கன்னத்திலும் மீசை மாதிரி கறுப்புப் பொடி. அன்றைக்கே பேட் மாற்றினோம். உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். பெரும்பாலும் விளிம்புத் துணியை இழுத்து மாட்டுவதுதான் வேலை, கருவி தேவையில்லை. வெல்வெட் மாதிரித் துணி உறை உரியாது, குளுமையாகவும் இருக்கும். ஆனால் அடைப்பு தளர்ந்து கசிவு கூடும், அடி ஒலியும் மாறும். பதிவுக்கு வேண்டாம். ஒரு பக்கம் ஒலி விட்டு விட்டு வந்தால் ஜாக் அருகே ஒயர் உள்ளே அறுந்திருக்கும். இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு ரிச்சி தெருவில் புது ஜாக் சால்டர் வைத்தால் முடிந்தது.

நாதஸ்வரம், தவில் பதிவுகளை ஹெட்ஃபோனில்தான் மிக்ஸ் செய்கிறேன். கேட்கும்போது தவில் கும்மென்று இருக்கிறது. கோயில் ஸ்பீக்கரில் போட்டால் தவிலே காணோம்.
– திருவாரூர்

உங்கள் ஹெட்ஃபோன் அடி ஒலியைக் கூட்டிச் சொல்கிறது. 'அதிகமாக இருக்கிறதே' என்று நீங்கள் தவிலின் அடி ஒலி தரும் தொப்பிப் பக்கத்தைக் குறைத்திருப்பீர்கள். ஸ்பீக்கர் அப்படிக் கூட்டித் தராது, அதனால் காணாமல் போகிறது. நீங்கள் மதிக்கும் ஒரு நல்ல தவில் பதிவை அதே ஹெட்ஃபோனில் முதலில் போட்டு, அதில் தவில் எவ்வளவு இருக்கிறது என்று காதுக்குப் பழக்குங்கள். பிறகு உங்கள் வேலையைத் தொடுங்கள்.

இரண்டாவது, கோயில் குழாய் ஸ்பீக்கர் மோனோ. ஹெட்ஃபோனில் இடது காதுக்கு இடது மட்டும், வலது காதுக்கு வலது மட்டும் போவதால் எல்லாம் அகலமாகப் பிரிந்து தெரியும். தவிலுக்கு இரு பக்கமும் மைக் வைத்துப் பதிந்திருந்தால், ஒரு பக்கத் தோல் மைக்கை நோக்கித் தள்ளும் நேரத்தில் மறுபக்கம் எதிர்த் திசையில் இழுக்கலாம். மோனோவில் சேரும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கும் போய்விடும். மென்பொருளில் மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள். தவில் மெலிந்தால் ஒரு மைக்கின் ஃபேஸை, அதாவது ஒலி அலையின் திசையை, திருப்பிப் போட்டுப் பாருங்கள். பல சமயம் அங்கேயே தவில் திரும்பி வந்துவிடும்.

சோனி 7506 பாதி விலைக்குக் கிடைக்கிறது. அதே பெட்டி, அதே நீலக் கோடு. வாங்கலாமா?
– வேலூர்

இந்த மாடலுக்குப் போலி நிறைய. அசலில் 6.3 மில்லிமீட்டர் அடாப்டர் திருகு போட்டு ஜாக்கில் ஏறும், போலியில் சில சமயம் வெறுமனே சொருகுவது மாதிரி இருக்கும். எழுத்து அச்சு மங்கலா, சுருள் ஒயர் இழுத்து விட்டதும் தளர்ந்தே கிடக்கிறதா என்று பாருங்கள். இவற்றையும் நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பில் கேளுங்கள், கம்பெனி வாரண்டி அட்டை கேளுங்கள். கடைக்காரர் "பில் வேண்டாம் சார், இன்னும் இருநூறு குறைக்கிறேன்" என்றால் பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.