கேள்வி பதில்: புதுக் கோபுரம் எழுந்தால் லண்டன் எப்படித் தெரியும்?

லண்டனின் உயரக் கட்டடத் திட்டங்களோடு கொடுக்கும் காட்சிப் படங்களை (இன்றைய புகைப்படத்தில் வரப்போகும் கட்டடத்தைப் பொருத்தியவை) தயாரிப்பது, சரிபார்ப்பது பற்றி வந்த கேள்விகள்.

கே: படம் எடுக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்களேன்.

லென்ஸ் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் வரும்படி ட்ரைபாடை நிறுத்தி மட்டம் பாருங்கள். கேமரா அண்ணாந்திருந்தால் கட்டடங்கள் பின்னால் சாயும். நேர் கீழே தரையில் ஆணி அடித்து, அதையும் ஒரு படம் எடுங்கள். பிறகு சர்வேயர் அந்த ஆணியையும், படத்தில் தெரியும் கூரை முனை, புகைபோக்கி, விளக்குக் கம்பம் என்று பத்துப் பன்னிரண்டு புள்ளிகளையும் டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி) அளக்க வேண்டும். எல்லாம் ஒரே தூரத்தில் இருந்தால் பயனில்லை. கிட்டத்தில் நாலு, தொலைவில் நாலு, ஓரங்களில் நாலு. முப்பரிமாண மாடலில் இருக்கும் கணினிக் கேமரா அந்தப் புள்ளிகளோடு பொருந்திய பிறகுதான் கட்டடத்தை உள்ளே வைக்கலாம்.

மொட்டைமாடிக்கு மேல் இருப்பதை மறக்காதீர்கள்: லிஃப்ட் அறை, ஏசி இயந்திரங்கள், கண்ணாடி துடைக்கும் கிரேன்.

கே: 50 எம்எம் லென்ஸ் கட்டடத்தைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. 85 போடச் சொல்லக் கூடாதா?

நின்ற இடம் மாறாதவரை எந்த லென்ஸும் கட்டடத்தைச் செயின்ட் பால்ஸ் தேவாலயக் குவிமாடத்தோடு ஒப்பிடும் அளவை மாற்றாது. 24-இல் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குங்கள். 85-இல் எடுத்ததோடு பொருந்தும்.

கே: (அதே நண்பர்) ஒத்துக்கொள்ள முடியாது. நேரில் பெரிதாகத்தானே தெரிகிறது?

தெரிகிறது. குற்றம் லென்ஸில் இல்லை, பார்க்கும் தூரத்தில். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. 50-ஐ 36-ஆல் வகுத்து, அச்சின் அகலத்தால் பெருக்குங்கள்; சரியான பார்க்கும் தூரம் வரும். 39 செ.மீ. அகலப் படத்தைக் கண்ணிலிருந்து 54 செ.மீ. தள்ளிப் பிடிக்க வேண்டும். 14 செ.மீ. அகலக் கைபேசித் திரையென்றால் 19 செ.மீ. அவ்வளவு கிட்டத்தில் யார் வைத்துப் பார்க்கிறார்கள்? அதனால்தான் கோபுரம் சிறுத்துப்போகிறது. ஆகவே லென்ஸை மாற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். அச்சுப் பிரதியைக் கேளுங்கள்.

கே: எங்கள் மாடலில் கோபுரம் பதினைந்து மாடி தாழ்ந்து நிற்கிறது!

கேமராவுக்கும் புள்ளிகளுக்கும் ஜிபிஎஸ் உயரம், கட்டடத்துக்கு வரைபட உயரம் கொடுத்திருப்பீர்கள். ஜிபிஎஸ் உயரம் பூமியின் கணித வடிவத்திலிருந்து, வரைபட உயரம் இங்கிலாந்தின் நியூலின் துறைமுகக் கடல்மட்டத்திலிருந்து. லண்டனில் இரண்டுக்கும் ஏறக்குறைய 45 மீட்டர் வித்தியாசம்.

தொலைவுக் காட்சியென்றால் பூமியின் வளைவையும் பாருங்கள். ரிச்மண்ட் பூங்காவின் கிங் ஹென்றி மேட்டிலிருந்து செயின்ட் பால்ஸ் தேவாலயம் சுமார் 16 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் வளைவு 20 மீட்டரை விழுங்கும், ஒளிவிலகல் சுமார் 3 மீட்டரைத் திருப்பித் தரும். தேவாலயத்தின் உயரமே 111 மீட்டர்தான். அங்கே 17 மீட்டர் சின்னப் பிழையா? முப்பரிமாண மென்பொருள் பலவும் உலகம் தட்டை என்றே நம்பும். குவிமாடத்துக்குப் பின்னால் இருப்பதையும் விடாதீர்கள். 2016-இல் ஸ்ட்ராட்ஃபோர்டின் 42 மாடிக் கோபுரம் எழுந்த பிறகுதான், அது இந்த மேட்டிலிருந்து குவிமாடத்தின் பின்னால் தெரிகிறது என்று சத்தம் கிளம்பியது.

கே: லண்டன் நகர மையத்தின் லெடன்ஹால் கோபுரம் ஏன் சரிந்திருக்கிறது?

ஃப்ளீட் தெருவிலிருந்து செயின்ட் பால்ஸைப் பார்க்கும்போது இடிக்காமல் ஒதுங்குவதற்காக.

கே: யுனெஸ்கோ தடுக்காதா?

உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து எடுக்கும், அவ்வளவுதான். டிரெஸ்டன் 2009, லிவர்பூல் 2021.

கே: எந்த லென்ஸ் நல்லது?

மேலே இருக்கிறது.

கே: மரங்கள் மறைப்பதைக் கணக்கில் எடுக்கலாமா?

இலையுதிர்ந்த பனிக்காலத்தில் எடுங்கள். கோடை இலை கட்டடத்தை மறைத்தால் அது கட்டடத்தின் நல்ல குணம் ஆகாது.

கே: 50 எம்எம் என்பது மனிதக் கண்தானே?

இல்லை. லென்ஸ் கேள்வி இத்தோடு போதும்.

கே: மதுரைக் கோபுரங்களுக்கும் இதே முறையா?

அளக்கும் முறை இதேதான். உயர வரம்பை அங்குள்ள நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.

கே: திட்டப் படத்தில் கட்டடம் வானத்தோடு கரைந்து வெளிறித் தெரிகிறது. ஏமாற்றா?

ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. மேகமூட்டத்தில் கண்ணாடிக் கட்டடம் வெளிறத்தான் செய்யும். மாலை வெயில் நேராக அடித்தால் அதுவே தகதகக்கும். கட்டடத்தின் வெளிக்கோட்டை மட்டும் காட்டும் வெறும் கோட்டுருவப் படம் ஒன்றும், விளக்கு எரியும் இரவுப் படம் ஒன்றும் கேட்டு வாங்குங்கள். கோட்டுருவத்தில் லிஃப்ட் அறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.