‘மீதிங்ஸ்’: ‘எனக்கு’ என்று தொடங்கும் ஆங்கிலம்

கேள்வி: கல்லூரி விழாவுக்காக ‘ஹாம்லெட்’டில் ஒரு காட்சியைத் தமிழாக்குகிறேன். அரசி ‘த லேடி டத் ப்ரொட்டெஸ்ட் டூ மச், மீதிங்ஸ்’ என்கிறாள். ‘மீதிங்ஸ்’ உள்ள இடத்தில் ‘ஐ திங்க்’ என்றுதானே வர வேண்டும்? ‘நான் நினைக்கிறேன்’ என்று போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று போடுங்கள். அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருளே அதுதான்.

சுமார் 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ‘தென்ச்சன்’ என்றால் நினைத்தல். ‘த்யுன்ச்சன்’ என்றால் தோன்றுதல். இரண்டாவதில் உள்ள உயிரொலியை நீங்களே சொல்லிப் பார்க்கலாம்: உதட்டை ‘உ’வுக்குக் குவித்துக்கொண்டு ‘இ’ சொல்லுங்கள். நாளடைவில் அந்தக் குவிப்பு போய் ‘இ’ மட்டும் நின்றது. முதல் வினையின் ‘எ’யும் ‘இ’ ஆக, இரண்டும் ‘திங்க்’ என்ற ஒரே வடிவத்தில் கலந்துவிட்டன. ஜெர்மன் மொழி இன்றும் இவற்றை இரு வினைகளாகவே வைத்திருக்கிறது.

ஆக, ‘மீதிங்ஸ்’ என்பதில் இருப்பது அந்த இரண்டாவது வினை. ‘மீ’ இங்கே ‘எனக்கு’, நான்காம் வேற்றுமை. கடைசி ‘ஸ்’, சொல்லாமல் விட்ட ‘அது’ என்ற எழுவாய்க்கான விகுதி. ஷேக்ஸ்பியருக்கு இருநூறு ஆண்டுகள் முன்பே ஆங்கிலக் கவிஞர் சாசர் ‘மீ திங்கெத்’ என்று எழுதினார். ‘லைக்’ என்பதும் முதலில் இப்படித்தான்; ‘எனக்குப் பிடிக்கிறது’ என்றே அமைந்தது.

பிறகு ஏன் ‘எனக்கு’ போய் ‘நான்’ வந்தது? ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் தேய்ந்து போயின. ‘அரசனுக்குப் பழம் பிடிக்கும்’ என்பதில் ‘கு’வை எடுத்துவிடுங்கள்: ‘அரசன் பழம் பிடிக்கும்’. கேட்பவர் அரசனைத்தான் எழுவாயாகக் கொள்வார். ஆங்கிலத்தில் நடந்தது ஏறக்குறைய அதுவே. நம் உருபு உயிரோடு இருப்பதால், இந்தச் சொல்லைத் தமிழில் வைப்பது இன்றைய ஆங்கிலத்தில் வைப்பதைவிடச் சுலபம். அந்த வசதியை விட்டுவிடாதீர்கள்.

நீங்களே தேட நினைத்தால், ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் ‘திங்க்’ வினைக்கு உள்ள இரண்டு பதிவுகளையும் பாருங்கள். பழைய ஆங்கிலத்துக்கான அகராதியில் இவை ‘டி’க்கு (T) அடுத்து வரும் ‘தார்ன்’ (þ) என்ற பழைய எழுத்தின்கீழ் இருக்கும்.

அப்புறம், அதே வரியில் வரும் ‘ப்ரொட்டெஸ்ட்’. அதற்கு இங்கே எதிர்ப்பு என்று பொருள் இல்லை, உறுதிகூறுதல். பலரும் ‘மீதிங்ஸ்’ஸை முன்னால் வைத்துத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்; நாடகத்தில் அது கடைசியில் வருகிறது. நான் இப்படி எழுதுவேன்: “அந்தப் பெண் அளவுக்கு மீறிச் சத்தியம் செய்கிறாள் என்று தோன்றுகிறது எனக்கு.”